கணைக்கால் புண்ணும் இரண்டு ஊர்ப் பத்தியமும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. சோறு போடும்போது நான் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. ஏழு பேருக்கும் வந்த சிரங்கு, கொப்புளம், நாய்க்கடி, ஆணி குத்தினது எல்லாவற்றையும் நானே பார்த்து ஆற்றினேன். மன்னாரில் எங்கள் தெருவில் யாருக்காவது புண் ஆறாவிட்டால் என்னிடம் வந்து, என்ன தின்னலாம் என்ன தின்னக்கூடாது என்று கேட்டுப் போவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனாலும் புண் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த வயதில் பெருமைப்படாமல் எப்போது பெருமைப்படுவது?

அப்படிப்பட்ட என்னுடைய காலிலேயே ஒரு புண் வந்து, ஆறமாட்டேன் என்று இருந்தது.

நான் மெல்பேர்ணில், ரோவிலில், இரண்டாவது மகளின் வீட்டில் இருக்கிறேன். பலகை வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் பிரேசில் நாட்டுக்காரி ஒருத்தி தன் மகனோடு இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். கடற்கரை ஊர்க்காரி, வேதக்காரி, விதவை. மூன்றிலும் என்னைப் போலத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழகினோம். எனக்கு இங்கிலீஷ் கடைக்குப் போய்வர மட்டும் காணும். அவளுக்கும் அவ்வளவுதான்.

அவள் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் அதைத் தட்டி, தன் பாஷையில் கிட்டத்தட்டக் கதிரை என்றே சொன்னாள். மேசையை மேசை என்றாள். நான் விடுவேனா? முகம் துடைக்கிற துவாயைத் தூக்கிக் காட்டினேன். துவாலியா என்றாள். மருமகனின் சப்பாத்து ஒன்றை எடுத்து வந்து காட்டினேன். சப்பாத்து என்றாள், ஏதோ எங்கள் பெரியகடைத் தெருவில் பிறந்தவள் மாதிரி. பிறகு யன்னல், அலுமாரி, குசினி என்று இரண்டு கிழவிகளும் வீடு முழுக்க ஓடி ஓடி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. முந்தின காலத்தில் கப்பலில் எங்கள் கரைக்கு வந்த போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் அவை என்று மருமகன் இரவு விளங்கப்படுத்தினார். அது அவருக்குச் சரித்திரம். எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள், அவ்வளவுதான். அவள் என்னை "அமிகா" என்று கூப்பிடுவாள். சிநேகிதி என்று அர்த்தமாம்.

இந்த நாட்டில் கடலுக்கு என்னைப் பலமுறை கூட்டிப்போயிருக்கிறார்கள். குடையை விரித்து, மடக்குக் கதிரையில் என்னை இருத்திவிட்டு, எல்லாரும் தண்ணீருக்குள் போய்விடுவார்கள். நான் சப்பாத்துகளுக்குக் காவல். கடல் முன்னால் கிடக்கும். "அம்மா, நீங்களும் இறங்குறீங்களோ" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், சீ, எனக்கென்னத்துக்கு இந்த வயதில் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்கலாம். குமரியாக இருந்த காலத்தில் கடைசியாகக் கடலில் தலை நனைத்தவள் நான். இதைப் பிரேசில்காரியிடம் சொன்னபோது, தன்னையும் அப்படித்தான் கரையில் குந்தவைக்கிறார்கள் என்றாள்.

யேசு பாலன் பிறக்கிற நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். மகனுக்குச் சிட்னியில் வேலை கிடைத்திருக்கிறது, ஈஸ்டர் முடிந்ததும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகிறார்கள். சொல்லிவிட்டு அவளே மேசையில் கையால் அடித்தாள். போவதற்கு முன்னால் நாங்கள் கடலில் குளிக்கவேண்டும். கால் நனைப்பதெல்லாம் கணக்கில்லை, தலை நனைய வேண்டும். நானும் மேசையில் அடித்தேன்.

நத்தார் முடிந்த மறுநாள் மலிவு விற்பனைக்குப் போய் இருவரும் குளிக்கிற உடுப்பு வாங்கினோம். என்னுடையது கறுப்பு. நீளக் கை, கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் மூடும். ஒரு கன்னியாஸ்திரி போட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. அவளுடையது கிளிப்பச்சை. அது எதையும் பெரிதாக மூடவில்லை. உடுப்பு மாற்றும் அறைக்குள் இருந்து அவள் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியபோது, என் மகள் கடையின் வேறு பக்கத்தில் எதையோ தேடுகிற மாதிரி நழுவிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குப்பைத் தொட்டி என் காலில் ஏறியது.

எங்கள் தெருவுக்குக் குப்பை லொறி புதன்கிழமை விடியவே வரும். மருமகன் தொட்டியை வெளியே வைக்க மறந்துபோனார். லொறி தெரு முனையில் உறுமுகிற சத்தம் கேட்டதும் நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன். அது சக்கரம் வைத்த பெரிய தொட்டி. சமதரையில் நாம் அதை இழுக்கலாம், இறக்கத்தில் அது நம்மை இழுக்கும். அதன் அடி விளிம்பு என் கணைக்காலை உரசிக்கொண்டு போனது. வயதானவர்களின் தோல் வெங்காயத் தோல்தான், ஒரே உரசலில் உரிந்துவிட்டது. லொறிக்காரன் குப்பையைக் கொட்டிவிட்டு எனக்குக் கை காட்டினான். நானும் கை காட்டினேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் செருப்பு முழுக்க இரத்தம் என்று கண்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, கிழமைக்கு இரண்டு தரம் வீட்டுக்கு வந்து மருந்து கட்ட ஒரு நேர்ஸை ஒழுங்கு செய்தார். வந்தது எங்கள் தமிழ்ப் பிள்ளை. நாகர்கோவில் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி. அவள் கைபேசியில் புண்ணைப் படம் எடுப்பாள், காகித அளவுகோலை வைத்து அளப்பாள், பிறகு கழுவிக் கட்டுவாள். நான் முதல் நாளே கேட்டேன், எப்போது கடலுக்குப் போகலாம் என்று. அவள் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "புண்ணு முழுசா மூடணும் ஆன்ட்டி. மூடாம ஒரு சொட்டுக் கடல்தண்ணி படக்கூடாது" என்றாள்.

ஆக, ஈஸ்டருக்குள் புண் மூடவேண்டும். மூடாவிட்டால் கறுப்பு உடுப்பு பெட்டிக்குள், அவள் சிட்னியில், நான் மறுபடியும் சப்பாத்துக் காவலுக்கு.

மருந்து கட்டுகிற நாளெல்லாம் பிரேசில்காரி தவறாமல் வந்து நிற்பாள். கட்டு அவிழ்ந்ததும் குனிந்து பார்த்து, சிலுவை அடையாளம் போட்டு, என் காலைப் பார்த்து "சிக்கட்ரிசார்" என்பாள். தூங்காத பிள்ளையைத் தூங்கச் சொல்கிற மாதிரி, பாதி கொஞ்சல், பாதி அதட்டல். என்ன சொல்லுகிறாய் என்று கேட்டேன். இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதுதான் புண்ணாம். பிறகு அதை மெல்ல மெல்ல மூடினாள். மூடின கையின் மேலே வலது கை நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். மூடுவதும் கோடு விழுவதும் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு சொல்.

எனக்கு அது பிடித்துக்கொண்டது. எங்கள் பேச்சில் புண் ஆறும், சோறு ஆறும், கோபமும் ஆறும். ஆறின பிறகு கிடப்பதைத் தழும்பு என்போம், அது வேறு சங்கதி. அவளுடைய சொல்லில் தழும்பு என்பது புண் செய்து முடித்த வேலை. வேலை செய்த கைக்கு அடையாளம் இருக்கத்தானே வேண்டும்? நான் அந்தச் சொல்லை எடுத்து எங்கள் வாய்க்குத் தகுந்த மாதிரி வளைத்துக்கொண்டேன். காலையில் மகள் கேட்பாள், "அம்மா, கால் எப்பிடி?" நான் சொல்வேன், "இண்டைக்குக் கொஞ்சம் சிக்கட்ரிச்சிருக்கு." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

இனிப் பத்தியத்துக்கு வருகிறேன். என் பக்கத்துச் சட்டம் தெளிவானது. புண் உள்ளவர்கள் கிரந்திச் சாமான் தொடக்கூடாது. இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாம் புண்ணைக் கிளறிவிடும். எங்கள் கரையில் இது பிள்ளைக்கும் தெரியும். நான் இதைப் பிரேசில்காரிக்குச் சொல்ல வாயெடுத்தபோது, அவள் முந்திக்கொண்டு சொன்னாள், இறால் கூடாது, நண்டு கூடாது என்று. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவர்கள் ஊரிலும் புண் இருந்தால் சில சாப்பாடுகளை ஒதுக்குவார்களாம், அதற்கென்று ஒரு பெயரும் இருக்கிறதாம். இறால், நண்டு, பன்றி, தாரா வாத்து, செதில் இல்லாத மீன், முட்டை.

யோசித்துப் பாருங்கள். உலகத்தின் இந்த மூலையில் ஒருத்தி, அந்த மூலையில் ஒருத்தி. இடையில் எவ்வளவு கடல். இரண்டு பேரும் இறாலைத் தள்ளி வைக்கிறார்கள் என்றால் அது பொய்யாக இருக்குமா? இறால் விஷயத்தில் அவள் சொன்னது சரியென்றால் முட்டை விஷயத்திலும் சரியாகத்தான் இருக்கும் என்று நான் முடிவு செய்தேன். அவளும் என் கத்தரிக்காயை அப்படியே ஏற்றுக்கொண்டாள். இரண்டு ஊர்ச் சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கடைப்பிடித்தேன். அதுவும் எப்படி, ஒரு பருக்கை பிசகாமல். மகள் கோழிக் கறி வைத்தால் அது சூடு என்று தள்ளினேன். போதாக்குறைக்கு மாசியில் தவக்காலமும் தொடங்கியது. தவக்காலத்தில் நான் மாமிசம் தொடுவதில்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் பூசணிக்காயும், இரவில் இரண்டு துண்டுப் பாணும் பால் விடாத பிளேன்ரீயும். மகள் கத்தினாள். ஏழு பேருக்குப் புண் ஆற்றினவள் நான் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. ஒருநாள் நேர்ஸ் வரத் தாமதமாகியது. காத்திருந்த நேரத்தில் பிரேசில்காரி தன் உள்ளங்கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினாள். சின்ன வயதில் தூண்டில் முள் ஏறினதாம். நான் சும்மா இருப்பேனா? முன்கையில் திருக்கை வால் கிழித்த இடத்தைக் காட்டினேன். அவள் முழங்காலைக் காட்டினாள், சைக்கிள். நான் பெருவிரலைக் காட்டினேன், தேங்காய் திருவின திருவலை. எனக்கு ஒரு தழும்பு கூடினால் அவளுக்குப் பொறுக்காது. எழும்பி நின்று பாவாடை இடுப்பை இறக்கி, மகனை வெட்டி எடுத்த கோட்டைக் காட்டினாள். அப்படியானால் இதைப் பார் என்று நான் சட்டையைத் தோளிலிருந்து இழுத்தேன். தோளில் இருப்பது நாங்கள் ஊரை விட்டு ஓடின வருஷம் வந்தது. அவள் அதை விரலால் ஒருதரம் தடவி, அதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள், மெதுவாக.

அந்த நேரம் பார்த்து மருமகன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வேலையிலிருந்து வெள்ளனவே வந்துவிட்டாராம். குசினிக்குள் மாமி ஒரு தோள் தெரிய, பக்கத்து வீட்டுக்காரி வயிறு தெரிய. மனுஷன் அப்படியே பின்பக்கமாக நடந்து வெளியே போய், காருக்குள் ஏறி இருந்துகொண்டார். பிறகு வந்த நேர்ஸ், காருக்குள் ஒருவர் அசையாமல் இருக்கிறாரே, நெஞ்சு வலியோ என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டிருக்கிறாள். நாங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரித்த சிரிப்பில் எனக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது.

ஆனால் அன்றைக்குப் புண்ணை அளந்த நேர்ஸ் சிரிக்கவில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதமாக அது ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. டாக்டர் இரத்தம் சோதித்ததில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இல்லை, ஆனால் உடம்பில் சத்துக் காணாது என்று வந்திருக்கிறது. இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தொடையில் தோல் எடுத்து ஒட்டவேண்டி வரும் என்றாள். அப்படியென்றால் ஈஸ்டருக்குக் கடல் இல்லை.

கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தாள். "ஆன்ட்டி, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன்.

"முந்தாநாள்?"

அதுவும் அதேதான் என்றேன். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, பெருமையாகவே சொன்னேன். இரண்டு ஊர்ச் சட்டத்தையும் விளங்கப்படுத்தினேன். பிரேசில்காரி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மாவும் கரப்பான்னு சொல்லிக் கத்தரிக்காய், கருவாடெல்லாம் ஒதுக்கும் ஆன்ட்டி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அம்மா ஒரு ஊரோட பத்தியத்தைத்தான் பாக்கும். நீங்க ரெண்டு நாட்டுப் பத்தியத்தையும் சேர்த்துப் பாத்திருக்கீங்க. சுவரைக் கட்டுன்னு சொல்லிட்டுச் செங்கல்லே குடுக்கலைன்னா கொத்தனார் என்ன பண்ணுவாரு?"

"அப்ப என்ன பிள்ளை செய்யிறது?"

"மாமிசம் வேண்டாம்னா விடுங்க. தினம் ரெண்டு முட்டை. மீன். பருப்பு. ஒரு மாசம் சாப்பிடுங்க, நான் அளந்து சொல்றேன்."

நேர்ஸ் போன பிறகு எனக்கும் பிரேசில்காரிக்கும் சண்டை தொடங்கியது. நியாயத்தைச் சொல்லுங்கள். முட்டை என்னுடைய சட்டத்தில் இல்லை, அவளுடைய சட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே சட்டத்தை விட்டுக்கொடுக்கவேண்டியவள் அவள். நான் இதைச் சொன்னதும் அவளுக்கு முகம் சிவந்தது. அவளுடைய சித்தப்பா ஒருத்தர் புண்ணோடு முட்டை தின்று ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாராம். என் முட்டைச் சட்டத்தை விடச் சொல்லுகிறாய், உன் கத்தரிக்காய்ச் சட்டத்தை ஏன் விடவில்லை, கத்தரிக்காய் எந்த நாட்டில் யாருக்கு என்ன செய்தது என்று கேட்டாள். நான் அவளை முட்டைப் பைத்தியம் என்றேன். அவள் என்னைக் கத்தரிக்காய்ப் பைத்தியம் என்றாள். இங்கிலீஷ் இருவருக்கும் அதற்கு மேல் இல்லாதபடியால் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னோம். கடைசியில் அவள் தன் வீட்டுக் கதவை அடித்து மூடினாள். நானும் எழும்பிப் போய், திறந்திருந்த எங்கள் கதவை ஒருதரம் அடித்து மூடினேன்.

பிறகு கதை பேச்சில்லை. மருந்து கட்டுகிற நாளுக்கும் அவள் வரவில்லை. நேர்ஸ் கட்டை அவிழ்த்தபோது அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லை. நானே சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. முட்டை சாப்பிட்டேனா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எப்படிச் சாப்பிடுவது? சாப்பிட்டால் அவளுடைய சித்தப்பாவைப் பொய்யாக்கினதாகும். பிறகு யாரோடு நான் கடலுக்குப் போவது? சாப்பிடாவிட்டால் கடலே இல்லை. அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முட்டைகளைப் பார்த்தபடி நின்றேன். பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியதும் மூடினேன்.

ஞாயிறு பூசைக்கு அவள் எங்கள் வாங்கில் இருக்கவில்லை. அந்தப் பக்கத்து வரிசையில் போய் இருந்தாள். நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். அவளும் அப்படித்தான். சுவாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கை கொடுத்தார்கள். நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் வரிசையை விட்டு வெளியே வந்து, நடுவழியால் நேரே என்னிடம் நடந்து வருகிறாள். சுவாமியாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் ஏதோ சூடாக, உருண்டையாக இருந்தது. லேஞ்சித் துணியில் சுற்றின அவித்த முட்டை.

"சமாதானம், அமிகா" என்றாள். எங்கள் சொல்லை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. என் மகளாகத்தான் இருக்கும்.

மிச்சப் பூசை முழுக்க அந்த முட்டை என் கைக்குள் இருந்தது. முழந்தாளிட்டபோது உடைந்துவிடுமோ என்று பயம். நற்கருணை எடுக்கப் போனபோது வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, பிறகு கைப்பைக்குள் ஒளித்து, செபமே ஓடவில்லை. ஆண்டவர் அன்று என்னிடமிருந்து சிரிப்பை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்.

பூசை முடிந்து, கார் நிறுத்துகிற இடத்தில், அவளுக்கு முன்னாலேயே உரித்தேன். உப்பும் இல்லை, மிளகும் இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, ஏதோ நான் நஞ்சு குடிக்கிறேன் என்பது மாதிரிப் பார்த்தாள். முழுவதையும் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். தன் சித்தப்பாவை நினைத்து ஒரு சிலுவை போட்டாள்.

அவள் தன்னுடையதை விட்டுக்கொடுத்தால் நான் என்னுடையதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? அன்று மத்தியானம் கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து, தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக் கறி வைத்து, அவளைக் கூப்பிட்டு இருத்தி, அவள் பார்க்க இரண்டு அகப்பை போட்டுச் சாப்பிட்டேன். ஐயோ, அதன் ருசி. எத்தனை கிழமைக்குப் பிறகு. புண் கிளறினாலும் கிளறட்டும் என்று சட்டியை வழித்தேன்.

புண் கிளறவில்லை. அடுத்த கிழமை நேர்ஸ் அளந்துவிட்டு மறுபடியும் அளந்தாள். பிறகு ஓரத்தில் வெள்ளையாக ஒரு தோல் ஓடி வருவதைக் காட்டினாள். அதற்கு அடுத்த கிழமை அது உள்ளே வந்திருந்தது. பிரேசில்காரி காலைக் குனிந்து பார்த்துக் கட்டளை போடுவாள், நான் முட்டை தின்பேன், மருமகன் கடையிலிருந்து பெரிய பெட்டி பெட்டியாக முட்டை வாங்கி வருவார். குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை கட்டை அவிழ்த்தாள், துடைத்தாள், கையுறையைக் கழற்றினாள். திரும்பக் கட்டவில்லை.

"மூடிருச்சு ஆன்ட்டி."

"ஈஸ்டர் திங்கள்?"

"அதுவரைக்கும் நல்லாக் காயட்டும். போயிட்டு வாங்க. வெளிய வந்ததும் நல்ல தண்ணில கழுவிடுங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "சிக்கட்ரிசார்" என்றாள். பிரேசில்காரி அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஈஸ்டர் திங்கள் வெயில் இருந்தது, சூடு இல்லை. மகள் கரையில் நின்று குளிர் குளிர் என்று பத்துத் தரம் சொன்னாள். இங்கே விரிகுடாக் கடல் அலையில்லாமல் கோப்பையில் ஊற்றி வைத்த தேத்தண்ணி மாதிரிக் கிடக்கும். அதைப் பார்த்துப் பிரேசில்காரி உதட்டைப் பிதுக்கினாள். அவள் கிளிப்பச்சை, நான் கறுப்பு. கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முழங்காலுக்கு வந்தபோது எனக்குப் பல் அடித்தது. இடுப்புக்கு வந்தபோது என் உடுப்புக்குள் காற்றுப் புகுந்து, முன்பக்கம் பெரிய பலூன் மாதிரி எழும்பி நின்றது. அவள் அதை அமுக்கினாள். அது பின்பக்கம் எழும்பியது. பின்பக்கம் அமுக்கினாள், கழுத்துக்குள்ளால் காற்று வந்து என் முகத்தில் அடித்தது. நாங்கள் சிரித்த சத்தத்தில் கரையிலிருந்து உயிர்காக்கிற பொடியன் ஒருத்தன், மஞ்சளும் சிவப்பும் தொப்பி போட்டவன், தண்ணீருக்குள் ஓடி வந்தான், யாரோ தாழுகிறார்கள் என்று. நாங்கள் அவனுக்குப் பதில் சொல்லவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், அவனையே பிடித்துக்கொண்டு சிரித்தோம். பாவம், அவனும் நனைந்துபோனான்.

அவன் போன பிறகு, இப்போது என்றாள் அவள். மூக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் தாழ்ந்தோம்.

உள்ளே பச்சையாக இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. நான் அங்கே ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன், காலில் எரியும் என்று. புண் கொஞ்சமாவது திறந்திருந்தால் உப்புத் தண்ணீர் சும்மா விடாது, கடற்கரையில் பிறந்தவளுக்கு அது தெரியும். மூச்சு முட்டும்வரை நின்று பார்த்தேன். எரியவில்லை. மேலே வந்து வாயில் இருந்த உப்பைத் துப்பாமல் விழுங்கினேன்.

"எரியேல்ல" என்று தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு விளங்கியது. இன்னொரு தரம் தாழ்ந்தோம். பிறகு இன்னொரு தரம். மகள் கரையில் நின்று கூப்பிடக் கூப்பிட நாங்கள் வரவில்லை.

அவள் இப்போது சிட்னியில் இருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவோம். முதலில் காலைக் காட்டச் சொல்லுவாள். நான் கைபேசியைக் கணைக்காலுக்குப் பிடிப்பேன். இளஞ்சிவப்பாக, நெத்தலி மீன் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிற மாதிரி ஒரு கோடு. அவள் கை தட்டுவாள். போன கிழமைதான் அவளுடைய மகன் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டான். அவள் இந்தக் கதையைச் சிட்னி முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம். அவள் சொல்கிற கதையில், புண்ணுக்கு முட்டை நல்லது என்று முதல் நாளிலேயே அவள் சொன்னாளாம். பிடிவாதமாக நின்றது நானாம்.

அதனால்தான் பேத்தியைப் பிடித்து இருத்தி, நான் சொல்லச் சொல்ல இதை எழுதவைத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு காலம் காரில் கொண்டுபோய் இறக்கினதற்கு இதாவது பிரயோசனமாக இருக்கட்டும். இங்கிலீஷிலும் ஒன்று எழுதிச் சிட்னிக்கு அனுப்புகிறேன் என்கிறாள். அனுப்பட்டும். அதற்கு முதல் எனக்குச் சரி பார்க்கவேண்டும்.

எங்கே பிள்ளை, மேலேயிருந்து வாசி. ஆறுதலா வாசி. கோயில்ல முட்டை தந்த இடத்தில சிரிச்சுப்போட்டு விட்டிடாதை, ஒரு சொல்லும் குறையாமல் எனக்குக் கேக்கவேணும்.